மிஸ் ஹைஃபா எத்தனை முறை தட்டினார்

தலைமையாசிரியை மிஸ் ரிஹாப் முதல் முறை என் வகுப்பைப் பார்வையிட்டுவிட்டுக் கொடுத்த தாளில், ‘வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன்’ என்ற வரிக்கு எதிரே ஏழு என்று எழுதியிருந்தது. இருபதுக்கு ஏழு. பன்னிரண்டு எடுத்தால்தான் தேர்ச்சி. அரையாண்டு முடிவதற்குள் அவர் இன்னொரு முறை வருவார். அப்போதும் பன்னிரண்டு வராவிட்டால் என் நியமனம் ரத்தாகும்.

அந்த நியமனத்துக்காக நான் ஐந்து வருடம் காத்திருந்தேன். இர்பித் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முடித்ததிலிருந்து, அரசு வேலைப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் அப்பா கைப்பேசியில் என் பெயரைத் தேடுவார். “இருநூத்தி அறுபதாவது ஆள். போன வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல்” என்பார். ஒருநாள் அந்த எண் ஒன்றாகி, அஜ்லூன் மலைச்சரிவில் இருக்கும் இந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்தேன். என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டுவதில்லை. ஏழாம் வகுப்பு பி பிரிவில் ஏழு வரிசைகள், முப்பத்தெட்டுப் பெண்கள்.

மூன்றாம் பீரியட் எனக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்பதால் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவேன். அதற்கும் ஏழாம் வகுப்பு பி-க்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த நேரத்தில் அங்கே கணக்குப் பாடம் நடக்கும். மிஸ் ஹைஃபாவுக்கு இருபத்துநான்கு வருட அனுபவம். குழந்தைகளை அடிக்க மாட்டார். மரஸ்கேலால் மேசையைத் தட்டுவார். தட்டினால் சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

எங்களுக்கு வெள்ளி, சனிதான் விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரணம் எதுவும் இல்லாமல், எண்ணினேன். முப்பத்துநான்கு. திங்கட்கிழமை மறுபடி எண்ணினேன். ஐந்து.

அதே பெண்கள். அதே மிஸ். அதே நாற்பத்தைந்து நிமிடம். முப்பத்துநான்கை ஐந்தாக்குவது எது என்று தெரிந்தால் என் இரண்டாவது பார்வையிடலுக்கு உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் போனபின் அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். கிழக்குக் காற்று வீசும் நாள், வீசாத நாள். காற்றடித்தால் பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். பொருந்தவில்லை. குளிருக்காக வகுப்பில் வைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு புகைந்த நாள், நன்றாக எரிந்த நாள். பொருந்தவில்லை. பின்னங்கள், வடிவியல், தேர்வு நாள், எதுவும் பொருந்தவில்லை.

அந்த மாதம் ஆசிரியர்களை ஊக்கப்படுத்தச் சொல்லித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மிஸ் ரிஹாப் காலை அணிவகுப்பில் நானூறு பெண்களுக்கு முன்னால் மிஸ் ஹைஃபாவைக் கூப்பிட்டு, தங்க நிற ஓரம் வைத்த பாராட்டுத்தாள் ஒன்றைக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாம் பீரியட் மணி அடித்ததும் நான் ஓடாத குறையாக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரண்டோ மூன்றோ தட்டல்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பத்தொன்பது.

இடைவேளையில் மிஸ் ஹைஃபா அந்தத் தாளின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். “இது எனக்குப் பதினோராவது. எங்க வீட்டுச் சுவத்துல ஈரக்கறை பெருசாயிட்டே போகுது. இன்னும் நாலு குடுத்தா முழுசா மறைச்சுடலாம்” என்றார்.

விடை வருகைப் பதிவேட்டில் இருந்தது. தினமும் அதில்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. தலைமையாசிரியை அறையில் அது திறந்து கிடக்கும். சரியாக ஏழரைக்குக் கடைசிப் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு போடுவார்கள். அதற்குமேல் வருபவர்கள் கோட்டுக்குக் கீழே பெயரெழுத வேண்டும். மாதத்தில் எட்டு முறை கோட்டுக்குக் கீழே போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

மிஸ் ஹைஃபா குஃப்ரஞ்சாவிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த பஸ் நிரம்பினால்தான் கிளம்பும். கடைசி ஆள் சீக்கிரம் வந்தால் மிஸ் ஹைஃபா ஏழு இருபதுக்குப் பள்ளியில் இருப்பார். அந்த ஆள் எங்கேயோ நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தால் ஏழு முப்பத்துமூன்று ஆகும். அவர் கையில் எதுவும் இல்லை. சோதனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குக் கிடைத்திருக்காது.

பழைய பக்கங்களைப் புரட்டி என் எண்களோடு ஒட்டிப் பார்த்தேன். பத்தொன்பது நாட்கள். அவர் கோட்டுக்குக் கீழே இருந்த ஏழு நாளும் முப்பதைத் தாண்டியிருந்தது. அதில் ஆச்சரியமில்லை. கோட்டுக்குக் கீழே போனவர் எரிச்சலோடுதான் வகுப்புக்குப் போவார். கோட்டுக்கு மேலே இருந்த பன்னிரண்டு நாட்களில்தான் குழப்பம். ஆறு நாள் பதினைந்திலிருந்து இருபதுக்குள். மற்ற ஆறு நாள் மூன்று, ஐந்து, நான்கு என்று வந்தது.

அடுத்த வாரம் சீக்கிரமே போய், பதிவேட்டுக்குப் பக்கத்தில் மேலங்கிப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். ஏழரை ஆனதும் மிஸ் ரிஹாப் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். கோடு போடவில்லை. காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அந்த ஜன்னலிலிருந்து பஸ் நிற்குமிடமும் ஏற்றமும் தெரியும். மிஸ் ஹைஃபா ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார். அவரும் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார். மிஸ் ரிஹாப் வந்து அதற்குக் கீழே கோடு போட்டார். மணி ஏழு முப்பத்துமூன்று. இருவரும் காலை வணக்கத்துக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு நான்கு தட்டல். பழைய பக்கங்களை மறுபடி புரட்டினேன்: தட்டல் குறைந்த ஆறு நாளும் கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர் மிஸ் ஹைஃபாவுடையது.

அவராகவே நேரத்துக்கு வந்த நாட்களில் சராசரி பதினேழு தட்டல். மிஸ் ரிஹாப் காத்திருந்து கோட்டுக்கு மேலே எடுத்த நாட்களில் நான்கு. மிஸ் ரிஹாப் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாட்களில் துணைத் தலைமையாசிரியை மிஸ் நஜாஹ் கோடு போடுவார். அவர் கடிகாரம் பார்த்துப் போடுபவர். கோட்டோரத்தில் இருந்த கையெழுத்துப்படி, முப்பதைத் தாண்டிய ஏழும் அவர் கோடு போட்ட நாட்கள். அப்படியானால் தலைமையாசிரியை இல்லாததுதான் காரணமா? அதுவும் இல்லை. அவர் இல்லாத இரண்டு நாள் பஸ் சீக்கிரம் வந்தது. அந்த இரண்டு நாளும் பதினேழு, பதினெட்டு.

எனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. மிஸ் ஹைஃபாவைச் சாந்தப்படுத்தியது அந்த மூன்று நிமிடமா, அதைக் கொடுத்த ஆளா?

புதன்கிழமை மிஸ் ரிஹாப் வெளியே போயிருந்தார். மிஸ் நஜாஹ் மேசைக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் ஏழு இருபதுக்கே வந்துவிட்டேன். கையெழுத்துப் போடாமல் நின்றேன். ஏழு இருபத்தொன்பதுக்குப் பேனாவை எடுத்தேன். ஜன்னலில் பஸ் இன்னும் தெரியவில்லை. என் பெயரை எழுதினேன். அப்பா பெயரை எழுதினேன். தாத்தா பெயரை எழுதத் தொடங்கினேன்.

“என்ன பண்ற நீ?” என்றார் மிஸ் நஜாஹ்.

“முழுப் பேர் எழுதறேன், மிஸ்.”

“நாலு மாசமா தைமான்னு ஒரு கிறுக்கல் போட்டுட்டு ஓடுவ. இன்னைக்கு என்ன, கல்யாணப் பத்திரமா எழுதுற? தள்ளு, கோடு போடணும்.”

“இன்னும் குடும்பப் பேர் இருக்கு, மிஸ்.”

“அப்புறம் ஊர்ப் பேரு, ஆட்டுக்குட்டி பேரெல்லாம் எழுதுவியா? கையை எடு பொண்ணே!”

நான் கையை எடுக்கவில்லை. அதுவரை என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படி நின்றதில்லை. ஏழு முப்பத்திரண்டுக்கு மிஸ் ஹைஃபா மூச்சு வாங்க உள்ளே வந்தார். பக்கத்தை மறித்துக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார், மிஸ் நஜாஹின் முகத்தைப் பார்த்தார், என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மிஸ் நஜாஹ் காகிதம் கிழிகிற மாதிரிக் கோட்டை இழுத்தார்.

மூன்றாம் பீரியடில் இருபத்தொன்பது தட்டல்.

வியாழக்கிழமை மிஸ் ரிஹாப் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் மிஸ் நஜாஹ் எழுதிய புகார் இருந்தது.

“பதிவேட்டை மறிச்சியாமே. உன் இரண்டாவது பார்வையிடல் அடுத்த வாரம். இந்த நேரத்துல இது என்ன வேலை?”

நோட்டைத் திறந்து, எண்களைப் புள்ளிவைத்து வரைந்திருந்த வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“இது யாரோட இருதயப் படம்?”

“மிஸ் ஹைஃபா மேசையைத் தட்டின எண்ணிக்கை. கீழே நீங்க... கோடு போட்ட நேரம்.”

அவர் நோட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார். நான்கு, ஐந்து, மூன்று என்ற புள்ளிகளில் விரல் நின்றது.

“நான் யாருக்காகவும் காத்திருக்கலை. காபி சூடா இருந்தது. ஆறட்டும்னு ஜன்னல் பக்கம் போனேன்.”

“ஏழு நாளுமா, மிஸ்?”

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் கல்வி அலுவலகத்துல ஒருத்தர் கண்ணுல பட்டாலும் விளக்கக் கடிதம் எனக்குத்தான் வரும். புரியுதா? எடுத்துட்டுப் போ.” நோட்டை மூடி என்னிடம் தள்ளினார். “இதுல உன் வகுப்பு எங்க இருக்கு?”

“என் வகுப்பை எண்ணலை, மிஸ்.”

“செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியட் வரேன். அப்ப நான் எண்ணுவேன்.”

இடைவேளையில் மிஸ் ஹைஃபா ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். மரமிய்யா இலை போட்ட தேநீர் இரண்டு கோப்பை கொண்டுவந்திருந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். உட்காரவில்லை.

“நேத்து யாரைக் கேட்டுப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன?”

“உங்களுக்குக் கோடு தவறக் கூடாதுன்னு...”

“நான் உன்கிட்ட அழுதேனா? இருபத்திநாலு வருஷ சர்வீஸ் எனக்கு. நேத்து வந்த பொண்ணு என்மேல பரிதாபப்படுறா. அந்த நஜாஹ் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நாள் முழுக்க அது முதுகுல ஒட்டிக்கிட்டே இருந்தது.”

“அதனாலதான் இருபத்தொன்பது” என்றேன். வாய் தவறிவிட்டது.

“என்ன இருபத்தொன்பது?”

நோட்டைக் காட்டினேன். வேறு வழியில்லை. அவர் கோபப்படுவார் என்று கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணக்கு டீச்சர் தாள் திருத்துவதுபோல் எண்களைக் கூட்டிச் சரிபார்த்தார்.

“இந்த சராசரி தப்பு. பதினேழு புள்ளி அஞ்சு வரணும்” என்றார். பிறகு, “அந்த அம்மா ஜன்னல்ல நிக்கிறப்ப... ஒருத்தர் நம்மளை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு தோணும். அவ்வளவுதான். அன்னைக்கு அந்தப் பிசாசுங்க கத்தினாலும் என் காதுல விழறதில்லை” என்றார்.

“காபி சூடா இருந்ததுன்னு சொன்னாங்க.”

“சொல்லுவாங்க. குடிச்சு நான் பார்த்ததே இல்லை.” அவர் எழுந்தார். “சுவருக்கு ரெண்டு பக்கமும் காது உண்டு, தைமா. முந்தாநாள் நாலாவது பீரியட் இதே ஆய்வுக்கூடத்துல உக்காந்து நான் தாள் திருத்தினேன். நாப்பத்தொண்ணு.”

“என்ன நாப்பத்தொண்ணு?”

“நீ ‘தயவுசெஞ்சு’ன்னு சொன்னது. தயவுசெஞ்சு பொண்ணுங்களா, தயவுசெஞ்சு பத்தூல், தயவுசெஞ்சு உக்காரு. பிச்சைக்காரிகூட ஒரு வாசல்ல அவ்வளவு தடவை கேக்க மாட்டா.”

வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்த எண் என்னை விடவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஏன் நாற்பத்தொன்று? ஏன் பத்து இல்லை, ஏன் எழுபது இல்லை? நான் பேசும்போது நான் எண்ண முடியாது. எண்ணக்கூடியவர்கள் முப்பத்தெட்டுப் பேர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மிஸ் ரிஹாப் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் மதிப்பீட்டுத் தாள். வாயுக்களின் அழுத்தம் பற்றிய பாடத்தை நான் ஒன்பது பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பலகையில் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

“இது என்ன எண், யாராவது சொல்லுங்க.”

“உங்க வயசு, மிஸ்!” என்றாள் ரனீம் கடைசி வரிசையிலிருந்து. தலைமையாசிரியைக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தும் அவளுக்குப் பயமில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

“ஷூ சைஸ், மிஸ்!”

“போன செவ்வாய்க்கிழமை இந்த வகுப்புல நான் ‘தயவுசெஞ்சு’ன்னு எத்தனை தடவை சொன்னேனோ, அது.”

சிரிப்பு நின்றது. முப்பத்தெட்டு முகங்களும் என்னையே பார்த்தன.

“ஏன் அவ்வளவு தடவை சொன்னேன்னு எனக்குத் தெரியலை. நிஜமாவே தெரியலை. நீங்க பார்த்துட்டு இருந்தீங்க. உங்களுக்குத் தெரியுமா?”

முதலில் வகுப்புத் தலைவி பத்தூல் கையைத் தூக்கினாள். “அடுப்பு, மிஸ். மண்ணெண்ணெய் நாத்தம் வந்தா எல்லாருக்கும் தலை வலிக்கும், பேசுவாங்க.”

பலகையில் ‘அடுப்பு’ என்று எழுதினேன். “அன்னைக்கு அடுப்பு எரிஞ்சதா?”

“இல்ல மிஸ், எண்ணெய் தீர்ந்துபோச்சு” என்று நாலு குரல்கள் கேட்டன. பத்தூலே எழுந்து வந்து அதை அடித்தாள். பசி என்றார்கள். கணக்குப் பாடத்துக்கு அடுத்த பீரியட் என்பதால் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருத்தி எழுந்து மறுத்தாள். சத்தம் ஏறியது. மிஸ் ரிஹாபின் பேனா நகர்வதைப் பார்த்தேன். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“இப்ப சொல்லப் போறீங்க, மிஸ்!” என்று ரனீம் எழுந்து நின்றாள். “சொல்லப் போனீங்கதானே? பின்னாடி பார்த்தீங்க, வாய் அப்படி ஆச்சு!”

வகுப்பு அடங்கியது. நான் தலையாட்டினேன்.

“அதான் காரணம், மிஸ். கண்ணாடி. கதவுல கண்ணாடி இருக்கில்ல, அதுல மிஸ் ரிஹாப் தலை தெரிஞ்சா நீங்க சொல்வீங்க. தெரியலைன்னா சொல்ல மாட்டீங்க.”

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

“நீங்க சொன்னதும் வெளியே அவங்க நிக்கிறாங்கன்னு எங்களுக்குப் புரியும்” என்றாள் பத்தூல், தலைவிக்குரிய நிதானத்தோடு. “உடனே நான் உஷ்னு சொல்வேன். அவ உஷ்னு சொல்வா. எல்லாரும் எல்லாருக்கும் உஷ் சொல்வோம். அந்தச் சத்தம்தான் மிஸ் பெருசு.”

“அதைக் கேட்டு நீங்க மறுபடி தயவுசெஞ்சு சொல்வீங்க” என்றாள் ரனீம்.

நான் பலகையில் ஒரு வட்டம் வரைந்தேன். கண்ணாடி, நான், உஷ், மறுபடி நான். பார்க்கப் பார்க்க அது சரியாக இருந்தது. பயம்கூட மறந்துவிட்டது. “இது உண்மையான்னு எப்படிச் சோதிக்கிறது?” என்று கேட்டேன். என் குரல் எந்த வரிசை வரைக்கும் போனது என்று தெரியாது. ரனீமுக்குக் கேட்டது.

“ஒருத்தி கண்ணாடியைப் பார்க்கணும், ஒருத்தி உங்களை எண்ணணும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது.”

“அந்தக் கண்ணாடியில காகிதம் ஒட்டிட்டா?” என்று கேட்டது மிஸ் ரிஹாப்.

ரனீம் திரும்பினாள். “இன்னும் மோசமாயிடும், மிஸ். நீங்க நிக்கிறீங்களா இல்லையான்னே தெரியாது. அப்ப எப்பவும் நிக்கிற மாதிரியே இருக்கும்.”

மிஸ் ரிஹாப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

பெண்கள் முற்றத்துக்கு ஓடிய பிறகு அவர் என் மேசைக்கு வந்தார். மதிப்பீட்டுத் தாளில் எல்லா வரிகளும் நிரம்பியிருந்தன. இரண்டு மட்டும் காலி. வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன், அதற்குக் கீழே பரிந்துரைகள்.

“முப்பது வருஷமா வெளியே நின்னு கேக்கறேன்” என்றார். “உள்ளே வந்தா டீச்சருக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன். மரியாதைக்காக வெளியே நின்னேன்.” பேனாவைத் திருகினார். “பரிந்துரைன்னு ஒண்ணு எழுதியாகணும். நான் என்ன செஞ்சா உன் நாப்பத்தொண்ணு குறையும்?”

தலைமையாசிரியை கேட்டால் எதுவும் வேண்டாம் என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். நானும் வாயைத் திறந்தேன், அதைச் சொல்லத்தான்.

“வெளியே நிக்காதீங்க, மிஸ்” என்றேன். “உள்ளே வாங்க. வந்து உக்காந்து ஏதாவது கேளுங்க, இன்னைக்குக் கேட்ட மாதிரி.”

அவர் குனிந்து எழுதினார். ‘தலைமையாசிரியை நடைபாதையில் நிற்பதைத் தவிர்த்து, வாரம் ஒருமுறை வகுப்புக்குள் வந்து மாணவிகளோடு அமரப் பரிந்துரைக்கப்படுகிறது.’ ஆசிரியைக்கு எழுத வேண்டிய இடத்தில் தனக்கே எழுதிக்கொண்டார். “அலுவலகத்துல இதைப் படிக்கிறவன் மண்டை காயட்டும்” என்றார்.

பிறகு மேலேயிருந்த காலி வரிக்குப் போனார். அங்கே பேனா நின்றது.

“சத்தம் இருந்தது, தைமா. நிறைய.”

“ஆமா, மிஸ்.”

“யாரும் ஊர்வம்பு பேசலை, அதையும் கவனிச்சேன். இருபது குடுத்தா நான் பொய் சொன்னவ ஆயிடுவேன்.”

பதிமூன்று என்று எழுதி, நான் கையெழுத்துப் போடுவதற்காகத் தாளை என் பக்கம் திருப்பினார். கதவருகே ரனீமும் பத்தூலும் நின்றிருந்தார்கள், முற்றத்துக்குப் போகாமல்.

“பாஸா, மிஸ்?” என்றாள் ரனீம்.

“பதிமூணு.”

“பதிமூணுதானா!” என்றாள் அவள், தலைமையாசிரியையின் முகத்துக்கு நேராக. “ஏன் பதிமூணு? எதை வெச்சுப் பதிமூணு?”

மிஸ் ரிஹாப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “வா, சொல்றேன்” என்றார்.